பராரே கடையில் சொல்லக்கூடாத சொல்

உலகத்திலேயே, "ரிப்பேர்" என்று சொன்னதற்காக வாடிக்கையாளரைத் துரத்தியடித்த ஒரே ரிப்பேர் கடை மாரண்டஹள்ளியில்தான் இருக்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்தக் கடைக்கு மேல்மாடியில் ஆறு வருடம் வாடகைக்குக் குடியிருந்தவன் நான். துரத்தப்பட்டவர்கள் எல்லோரும் என் ஜன்னலுக்குக் கீழேதான் ஓடினார்கள்.

கடைக்காரரை ஊரில் எல்லோரும் "பராரே" என்பார்கள். நேரில் மட்டும் "மேஸ்திரி". போர் மோட்டாருக்குக் காயில் கட்டுவது அவர் தொழில். அந்தப் பக்கத்தில் ஆயிரம் அடிக்குப் போர் போட்டு, அடியில் ஒரு மோட்டாரை இறக்கிவிட்டு, அது மேலே அனுப்புகிற தண்ணீரை நம்பித்தான் தக்காளியும் சாமந்தியும் விளைகின்றன. மோட்டார் எரிந்துபோனால் வெளியே தூக்கி, உள்ளே கருகிக் கிடக்கும் செம்புக் கம்பியை எல்லாம் பிடுங்கிவிட்டுப் புதுக் கம்பி சுற்றவேண்டும். பராரே போலச் சுற்ற அந்தத் தாலுகாவிலேயே ஆள் இல்லை. அவரைப் போலத் திட்டவும் ஆள் இல்லை.

ஒரு விவசாயி டெம்போவில் மோட்டாரைப் போட்டுக்கொண்டு வருவார். பாவம், பயிர் வாடுகிற பதற்றத்தில் இருப்பார்.

"மோட்டாரு ரிப்பேருங்க மேஸ்திரி."

"அப்படிங்களா? ரொம்ப சந்தோசம். ரிப்பேர்னா சரி பண்றதுங்க. சரியான மோட்டார எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க? கொண்டுபோய் இறக்குங்க."

"இல்லீங்க, ஓடவே மாட்டேங்குது."

"அப்ப கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க! வியாதி வந்தா 'எனக்கு வைத்தியம் வந்துடுச்சு'ன்னு சொல்லுவீங்களா?"

அந்த ஊரில் மூன்று பாஷை புழங்கும். ஓசூர் பஸ்ஸில் வந்திறங்குகிறவர் கன்னடத்தில் "மோட்டாரு ரிப்பேரி ஆகிதே" என்பார். அடுத்தவர் தெலுங்கில் "ரிப்பேரு வச்சிந்தி" என்பார். "மூணு பாஷை இருக்குது, ஒருத்தனாவது சரியா சொல்றானா பாருங்க சார்!" என்று பராரே மாடிப் படியைப் பார்த்துக் கத்துவார். அங்கே நான் பல் தேய்த்துக்கொண்டிருப்பேன். நான் அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். அதனால் ஆங்கிலத்துக்கு நேர்கிற அவமானம் எல்லாவற்றுக்கும் என்னைத்தான் பொறுப்பாக்குவார். "நீங்க ஒழுங்கா சொல்லிக் குடுத்திருந்தா இந்த ஜனங்க இப்படிப் பேசுமா?" என்பார். ஏழு மணிக்கு, வாயில் நுரையோடு, நான் என்ன பதில் சொல்ல முடியும்?

இந்தக் கிறுக்கை அவருக்கு ஏற்றிவிட்டவர் ஒரு பாதிரியார். எப்போதோ ஒரு சர்ச் மோட்டாரைச் சரி செய்யப் போன இடத்தில் இவரே, "ஃபாதர், உங்க மோட்டார் ரிப்பேருங்க" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஃபாதர் லத்தீன் படித்தவர். அவருக்கு அன்று வேலையில்லை போலிருக்கிறது. உட்காரவைத்து, "ரிப்பேர் என்பது லத்தீனில் ரெபராரே. பராரே என்றால் ஆயத்தம் செய்வது. ரெ என்றால் மறுபடியும். கெட்டுப்போனதை மறுபடி ஆயத்தம் செய்வதுதான் ரிப்பேர். நீங்கள் செய்வது அது. மோட்டாருக்கு வந்தது அது இல்லை" என்று விளக்கியிருக்கிறார். போனவர் மெக்கானிக், திரும்பி வந்தவர் லத்தீன் பண்டிதர்.

ஃபாதர் அதோடு விட்டிருக்கலாம். முன்கூட்டியே ஆயத்தம் செய்தால் பிரிப்பேர், தனியாக எடுத்து ஆயத்தம் செய்தால் செப்பரேட், ஆயத்தம் செய் என்று ஆணையிடுகிறவன் எம்பரர், எல்லாம் ஒரே வேர் என்றும் சொல்லி அனுப்பிவிட்டார். எம்பரர் என்றால் சக்கரவர்த்தி. அவ்வளவுதான், மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் டீ வரத் தாமதமானால், "சக்கரவர்த்தியும் நானும் ஒரே வேருங்க, கொஞ்சம் சீக்கிரம் போடுங்க" என்பார். டீக்கடைக்காரர், "சக்கரவர்த்திக்கு சக்கரை எத்தன ஸ்பூனுங்க?" என்று கேட்டதிலிருந்து அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

கடை போர்டையும் மாற்றினார். "மோட்டார் ரிப்பேர் செய்யப்படும்" என்று ஒழுங்காக இருந்ததை அழித்துவிட்டு, "இங்கு மறுபடி ஆயத்தம் செய்யப்படும்" என்று எழுதிவைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை கட்டிய இரண்டு பெண்கள் பைபிளோடு வந்து, "ஜெபம் எத்தன மணிக்குங்க பிரதர்?" என்று கேட்டார்கள். பிரதர் கிரீஸ் கையோடு நின்றார். நான் மாடியில் சிரித்ததை அவர் ஒரு வாரம் மன்னிக்கவில்லை.

ஒருநாள் எனக்கும் பொறுமை போய்விட்டது. போனில் தேடிப் பார்த்தேன். அவருடைய பராரே ஸ்பெயின் நாட்டுக்குப் போய் "பரார்" ஆகி, அதற்கு "நிறுத்து", "நின்றுபோ" என்று பொருள் ஏற்பட்டிருக்கிறது. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"மேஸ்திரி, ஸ்பெயின்ல உங்க பராரே நின்னே போச்சாம். அங்கயும் நம்ம ஊர் கதைதான்."

போனை வாங்கிப் பார்த்தார். எழுத்து புரியாது. ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "ஸ்பெயின்காரன் எவனாச்சும் நம்ம கடைக்கு வரட்டும், பேசிக்கறேன்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். அதன்பிறகு ஃபுட்பால் மேட்சில் ஸ்பெயின் தோற்றால் அவருக்கு ஒரு திருப்தி.

இதெல்லாம் வேடிக்கைதான். ஆனால் ஒருநாள், இவ்வளவு கோபம் எதற்கு என்று நான் கேட்டபோது அவர் சொன்னது வேடிக்கை இல்லை.

"சார், 'மோட்டார் ரிப்பேரு'ன்னா என்னா அர்த்தம்? அதுவா ஆயிடுச்சுன்னு அர்த்தம். ஒருத்தனும் கெடுக்கல. மோட்டார் வாயில்லாத சீவன், அது மேல பழியப் போட்டுட்டு இவன் வெள்ள வேட்டியோட நிப்பான். நான் அத ஒத்துக்க மாட்டேன். கெட்டுதுன்னா கெடுத்தவன் ஒருத்தன் இருக்கணும்."

இங்கேதான் அட்டை வந்தது. செம்புக் கம்பி வரும் பெட்டியின் அட்டையைக் கத்தரித்து, பச்சை மையில் மூன்று வரி எழுதி, ஒவ்வொரு மோட்டாரின் கழுத்திலும் கம்பியால் கட்டித் தொங்கவிடுவார். கெட்டது எது, கெடுத்தவர் யார், கெடுத்த விதம் என்ன. கெடுத்தவர் பெயரை அப்பா பெயரோடு, ஊரோடு எழுதுவார். "கெடுத்தவர்: இடி. மன்னிக்கலாம்" என்று ஒன்று. "கெடுத்தவர்: எலி. பிடிபடவில்லை" என்று ஒன்று. "கெடுத்தவர்: மச்சான் பேச்சைக் கேட்டவர்" என்று ஒன்று தொங்கி, இரண்டு குடும்பத்துக்குள் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. மோட்டார்கள் கடை வாசலில் வரிசையாக நிற்கும். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் எல்லோரும் தினசரி பேப்பர் மாதிரி வந்து படித்துவிட்டுப் போவார்கள்.

என் டேபிள் ஃபேனைக்கூட விடவில்லை. மழைக்காலத்தில் அதன் மேல் ஈரச் சட்டையைக் காயப்போட்டேன், உண்மைதான். அதற்காக, "கெடுத்தவர்: ஆங்கில ஆசிரியர். விதம்: ஃபேனைக் கொடியாக எண்ணியது" என்று எழுதி வாசலில் வைக்கலாமா? மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் நான் உள்ளே நுழைந்ததும் பின்பெஞ்சில் யாரோ "கொடி" என்றார்கள். அன்று நான் கொதித்த கொதிப்பில் வீட்டையே காலி செய்திருப்பேன். வேறு வீடு கிடைக்கவில்லை.

அட்டைக்குத் தண்டனையும் உண்டு. இடி, எலி, கரண்ட் ஏற்ற இறக்கம் இவற்றால் கெட்ட மோட்டாருக்கு முதல் வரிசை. உடையவரே கெடுத்தது என்றால் கடைசி வரிசை. யார் கெஞ்சினாலும் இதை மாற்றமாட்டார்.

இப்படியிருக்கும்போது ஒரு புரட்டாசி மாதம் லட்சுமக்காவின் மோட்டார் வந்தது. லட்சுமக்கா கன்னடம் பேசுகிற வீட்டைச் சேர்ந்தவர். கணவர் காலமாகிவிட்டார். ஒரு ஏக்கர் சாமந்தி போட்டிருந்தார். ஆயுத பூஜைக்குப் பூ பறிப்பதுதான் அவருக்கு வருடத்தின் ஒரே அறுவடை, வீடு ஓடுவது அதை வைத்துத்தான். பூஜைக்கு மூன்று வாரம்கூட இல்லை. செடியெல்லாம் மொட்டுக் கட்டி நிற்கிறபோது தண்ணீர் நின்றுவிட்டது.

பராரே மோட்டாரைத் திறந்தார். மூன்று பகுதிக் காயிலில் இரண்டு கரிக்கட்டை, ஒன்று மட்டும் புதுசு போல மின்னியது. அவருக்கு வேறு சாட்சி தேவையில்லை. எங்கள் பக்கத்தில் மூன்று லைனில் இரண்டில் மட்டும் கரண்ட் வருகிற நேரத்தில் ஸ்டார்ட்டர் பெட்டியில் கன்டென்சர் என்று ஒன்றை மாட்டி, இரண்டு லைனிலேயே மோட்டாரை ஓட்டுகிற திருட்டு வேலை உண்டு. அப்படி ஓட்டினால் மோட்டார் இப்படித்தான் எரியும். உடனே அட்டையை எழுதினார். "கெடுத்தவர்: லட்சுமம்மா. விதம்: ரெண்டு லைனில் ஓட்டிய பேராசை." மோட்டார் கடைசி வரிசைக்குப் போனது. அதற்கு முன்னால் ஆறு மோட்டார்கள்.

லட்சுமக்காவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஐந்தாம் நாள் மோட்டார் தயாராகியிருக்கும் என்று நம்பி வந்தவர், அது திறந்தபடி மூலையில் கிடப்பதைப் பார்த்தார். நான் பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்தேன். "இது என்னா எழுதியிருக்கு சார், படிங்க" என்றார். நான் படித்தேன். படிக்காமல் மாடி ஏறியிருக்கலாம்.

"நானா? ரெண்டு லைன்லயா?" என்று அவர் கடைக்குள் போனார். "மேஸ்திரி, எங்க வூட்ல கன்டென்சரே கெடையாது. லைன் இல்லன்னா நான் மோட்டார் போடறதே இல்ல."

"எல்லாரும் இதத்தாங்க சொல்றாங்க. காயில் பொய் சொல்லாது."

"காயில் சுள்ளு சொல்லாதா? அப்ப நான் சுள்ளு சொல்றேனா?" கோபத்தில் கன்னடம் தானாக வந்தது. "பூ சாயுது மேஸ்திரி. பழி போடறத அப்புறம் போடுங்க, மொதல்ல காயில் போடுங்க."

"வரிசைன்னா வரிசைதாங்க."

நான் குறுக்கே போய், "பாவம் மேஸ்திரி, பூஜை நெருங்குது" என்றேன். "ஃபேன்காரங்க இதுல தலையிடாதீங்க" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்று ராகிக் களிகூட இறங்கவில்லை. ஒரு மனிதன் ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரிந்துகொண்டால், மற்ற மனிதர்களின் சொல்லைக் கேட்கவேண்டியதில்லையா?

மறுநாள் காலை கீழே பெரிய சத்தம். எட்டிப் பார்த்தால், லட்சுமக்கா வயலிலிருந்து ஸ்டார்ட்டர் பெட்டியையே கழற்றி எடுத்துவந்து பராரேவின் மேஜை மேல் போட்டிருந்தார்.

"தொறந்து பாரு! எங்க இருக்குது கன்டென்சர்? காட்டு!" 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது. "ஊருக்கெல்லாம் என் பேர தொங்கவுட்டியே. என் கொழுந்தனாரு வந்து சிரிக்கறாரு. எல்லார் பேரையும் எழுதற அந்தக் கையி, அதோட சொந்தப் பேர எழுதுமா?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். பராரே பெட்டியைத் திறந்தார். உள்ளே கன்டென்சர் இல்லை, மாட்டியிருந்த தடயமும் இல்லை. நான் படியிறங்கி வந்து நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. லட்சுமக்காவின் சாமான் பையைக் கவிழ்த்தார். வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுப்பதற்காகக் கழித்த ஒவ்வொரு துண்டையும் எடுத்துவைப்பது அவர் வழக்கம். அதில் மோட்டாரையும் கேபிளையும் சேர்க்கிற மூன்று ஜாயிண்ட்டுகள், கட்டைவிரல் தடிமனுக்கு டேப் சுற்றியபடி கிடந்தன. பிளேடால் கீறினார். முதலாவது கெட்டியாக இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை இழுத்ததும் கம்பி கையோடு வந்துவிட்டது. முனை கறுத்திருந்தது.

எனக்கே புரிந்தது. அந்த ஒரு கம்பி விட்டுப்போனதால் மோட்டாருக்கு இரண்டு லைன்தான் போயிருக்கிறது. எரிந்தவிதமும் அதனால் கன்டென்சர் மாட்டி ஓட்டியது போலவே இருந்திருக்கிறது.

"இத போன மாசியில போட்டது நான் சார்" என்றார். "சரியா முறுக்கல."

அந்த ஜாயிண்ட்டைப் பார்த்தவர்கள் உலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் நான், "வுடுங்க மேஸ்திரி. நான் யார்கிட்டயும் சொல்லல. வரிசையில முன்னாடி எடுத்துக் கட்டிக் குடுத்துடுங்க" என்றேன்.

என்மேல் பாய்ந்தார். "என்னானு சொல்லிக் குடுக்கறது? ஜாயிண்ட் லூஸ் ஆயிடுச்சுன்னா? அதுவா ஆச்சா சார்? படிச்சவர்தானே நீங்க?"

கம்பிப் பெட்டியின் அட்டையைக் கத்தரித்தார். பச்சை மையை எடுத்தார். எழுதி முடித்து, கம்பியைக் கோத்துத் தன் சட்டையின் பட்டன் துளையில் முறுக்கி மாட்டிக்கொண்டார். பெயர், அப்பா பெயர், வார்டு, எல்லாம் இருந்தது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஊர் முழுக்க ஒருமுறை படித்தது போதும்.

காயில் கட்ட இன்னும் இரண்டு நாள் ஆகும். அதுவரை பூ தாங்காது. நேராகத் தன் தென்னந்தோப்புக்குப் போய், தன் போரில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை ஆள் வைத்து மேலே தூக்கினார். அவர் மனைவி, "நம்ம வூட்டுக்குத் தண்ணி?" என்று கேட்டதற்கு, "தெருக் கொழாய்ல நான் புடிச்சாரேன்" என்றார். மொபெட்டில் அவர் முன்னால் போக, டெம்போவில் மோட்டாரோடு நான் பின்னால் போனேன். பள்ளிக்கு அன்று அரை நாள் லீவு. கடைவீதியில் ஆட்கள் நின்று சிரித்தார்கள், போட்டோ எடுத்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் வண்டியை நிறுத்தி, "படிங்க, நல்லா படிங்க. கிட்ட வந்து படிங்க" என்று நெஞ்சைக் காட்டினார். அவர் பெயரெழுதித் தொங்கவிட்ட பாதிப் பேர் அந்த வீதியில்தான் இருந்தார்கள். விடுவார்களா?

சாயங்காலம் ஐந்து மணிக்கு லட்சுமக்கா வயலில் தண்ணீர் பாய்ந்தது. பாதிப் பாத்தி தலை சாய்ந்திருந்தது. பராரே பாத்தியோரம் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். லட்சுமக்கா என்னைப் பார்த்து, "அவர அந்தப் பக்கம் போகச் சொல்லுங்க சார், பூவ மெதிக்கறாரு" என்றார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்கு மடை திருப்பப் போய்விட்டார்.

அட்டையை அவர் கழற்றவே இல்லை. தெருக் குழாயில் குடத்தோடு நிற்கும்போதும் இருந்தது. ரேஷன் கடையில் இருந்தது. நெருங்கிய சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. "கல்யாண வூட்டுக்குமா இத மாட்டிக்கிட்டு வர்றீங்க? நான் உங்ககூட வரல" என்று மனைவி தனி பஸ்ஸில் போனார். சட்டை மாற்றினால் அட்டையும் அடுத்த சட்டைக்கு மாறியது. லட்சுமக்காவின் மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டி, இறக்கி, தன்னுடையதைத் திரும்ப எடுத்துவந்த பிறகும் அது தொங்கியது. கடையில் யார் "ரிப்பேர்" என்று சொன்னாலும் அவர் வாயைத் திறக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காலையில் யாரும் என்னைத் திட்டாமல் பல் தேய்ப்பது எவ்வளவு வெறுமையாக இருந்தது தெரியுமா?

ஆயுத பூஜை அன்று கடையைக் கழுவி, சுத்தியலுக்கும் ஸ்பேனருக்கும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். நானும் உதவிக்கு நின்றேன். லட்சுமக்கா ஒரு கூடையோடு வந்தார். மீதிப் பாதி பூத்துவிட்டது. மஞ்சள் சாமந்தி, கூடை நிறைய.

பராரேவின் நெஞ்சைப் பார்த்து நின்றார். "இதென்னா, இன்னுமா?"

"நீங்க ஒன்னும் சொல்லலீங்களே" என்றார் பராரே.

"என்னா எழுதியிருக்கு சார்?"

நான் படித்தேன். கெட்டது: லட்சுமம்மாவின் மோட்டாரும், அவர் பேரும். கெடுத்தவர் பெயர். விதம்: கம்பியைச் சரியாக முறுக்காதது. கேட்டபோது அவர் சொன்னதை நம்பாதது.

லட்சுமக்கா முழுவதும் கேட்டார். கூடையைக் கீழே வைத்துவிட்டு அட்டையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. கம்பியைத் திருகினார், விரல் சிவந்துதான் மிச்சம். கடைசியில் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"இத மட்டும் நல்லா முறுக்கியிருக்க மேஸ்திரி."

முதலில் நான்தான் சிரித்தேன். பிறகு லட்சுமக்கா. பராரேவும் சிரிக்கத்தான் ஆரம்பித்தார், ஆனால் பாதியில் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே துடைத்த ஸ்பேனரை மறுபடி துடைத்தார். கண் கலங்கியிருந்தது.

"கண் கலங்கியிருந்தது" என்று நான் எழுதியதை யாராவது அவருக்குப் படித்துக்காட்டினால், "அதுவா கலங்குச்சா சார்?" என்று போன் போட்டுத் திட்டுவார். திட்டட்டும். நான் நல்லம்பள்ளிக்கு மாற்றலாகி வந்து மூன்று வருடம் ஆகிறது. இங்கே காலையில் பல் தேய்க்கும்போது என்னைத் திட்ட ஒரு ஆள் இல்லை.